ஓடைவாயில் சாய்ந்த ஜீப்

விஞ்ச் வாங்கப் போர்ட் பிளேருக்கு இரண்டு பேரையும் சேர்த்தே அனுப்பினார் மணியன். ஒருவனை மட்டும் அனுப்பியிருந்தால், வாங்கி வந்ததை மற்றவன் ஆயுசுக்கும் குறை சொல்லிக்கொண்டிருப்பான் என்று அவருக்குத் தெரியும்.

மணியன் கிரேட் நிக்கோபார் தீவின் கேம்பல் பேயில் ரோடு காண்டிராக்ட் எடுத்திருந்தார். காத்தமுத்துவும் அன்பழகனும் அவருடைய ஜீப்பை மாறி மாறி ஓட்டினார்கள். சுனாமி வந்து இரண்டரை வருஷம் ஆகியிருந்தது. கரையை ஒட்டித் தெற்கே போன பழைய ரோடு பாதிக்கு மேல் கடலுக்குள் கிடந்தது. நிலமே கீழே இறங்கிவிட்டதால் ஏறி வந்த தண்ணீர் திரும்பிப் போகவில்லை. வண்டிகள் கடற்கரை மணலிலும் காட்டுச் சேற்றிலும் ஓடின. ஏதாவது ஒரு டிப்பரோ ஜீப்போ எப்போதும் அச்சுவரை புதைந்து நிற்கும். ஜீப்பின் மூக்கில் கம்பி வடத்தைச் சுற்றி இழுக்கும் விஞ்ச் ஒன்றைப் பூட்டிவிட்டால் இந்த அவஸ்தை தீரும் என்பது மணியனின் கணக்கு.

கடையில் அன்பழகன் நேராகப் போய் நின்றது, மிலிட்டரியில் கழித்துக் கட்டிய ஒரு பழைய விஞ்சின் முன்னால். ஜீப்பின் இன்ஜின் சக்தியிலேயே சுற்றுவது. அவன் அப்பா பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று, கிரேட் நிக்கோபாரில் அரசு கொடுத்த நிலத்தில் குடியேறி, அங்கேயே காலமானவர். மிலிட்டரி சாமான் என்றால் அவனுக்குத் தனி மரியாதை.

"இது இழுத்தா மலையே வரும்ணே," என்றான்.

"வரும். இன்ஜின் ஓடுற வரைக்கும்," என்றான் காத்தமுத்து. "தண்ணிக்குள்ள இன்ஜின் நின்னுபோச்சுன்னா? அப்ப இது வெறும் இரும்பு. கரண்டு விஞ்ச எடு. பேட்டரி இருந்தா போதும், அதுபாட்டுக்குச் சுத்தும்."

"எவ்வளவு நேரம் சுத்தும்?"

அதற்குக் கடைக்காரர் பதில் சொன்னார். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தால் பேட்டரி தாங்கும். இன்ஜின் நின்றுவிட்டால் சில நிமிஷம்தான், அதையும் விட்டு விட்டு இழுக்க வேண்டும். வண்டி எடையைப் போல ஒன்றரை மடங்காவது இழுக்கிற விஞ்ச் வேண்டும், சேற்றில் புதைந்தது என்றால் அதுவும் போதாது, ஒரு கப்பி கூட வாங்கிக்கொள்ளுங்கள் என்றார். வடத்தைக் கப்பியில் மாட்டித் திருப்பிக் கொண்டுவந்தால் வேகம் பாதியாகும், பலம் இரட்டிப்பாகும்.

இருவரும் கடை வாசலில் நின்று பீடி பிடித்தபடி அரை மணி நேரம் வழக்காடினார்கள். கடைசியில் அன்பழகன், "டீக் ஹை, உங்க இஷ்டம். தண்ணிக்குள்ள போகாம இந்தத் தீவுல எங்க வண்டி ஓட்டுறது?" என்று சிரித்தான். கரண்டு விஞ்ச், ஒரு கப்பி, மரத்தில் சுற்றிக் கட்டுகிற அகலப் பட்டை. மூன்றையும் ஃபீனிக்ஸ் பே துறைமுகத்தில் கப்பலேற்றிக் கொண்டுவந்தார்கள்.

அந்த விஞ்ச் இருவரையும் தெரிந்த முகங்கள் ஆக்கியது. யாருடைய வண்டி புதைந்தாலும் ஆள் வந்துவிடும். காத்தமுத்து வடத்தின் மேல் ஈரச் சாக்கைப் போட்டுவிட்டு, "எல்லாரும் பீச்சே போங்க, பின்னால போங்க" என்று கூட்டத்தை விரட்டுவான். இறுகி நிற்கும் வடம் அறுந்தால் சாட்டை மாதிரி வீசி ஆளை இரண்டாக்கிவிடும். சாக்கின் கனம் அந்த வீச்சைக் கொஞ்சம் அடக்கும். அன்பழகன் ரிமோட்டை அமுக்குவான். வண்டி மேலே வந்ததும் யாராவது டீ வாங்கித் தருவார்கள்.

காத்தமுத்து கச்சால் தீவிலிருந்து வந்தவன். அவனுடைய பெற்றோர் இலங்கைத் தேயிலைத் தோட்டத்து லயக் குடியிருப்பிலிருந்து அனுப்பப்பட்டு, கச்சால் ரப்பர் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்டவர்கள். அங்கேதான் அவன் டிராக்டர் ஓட்டக் கற்றான், அங்கேதான் அழகம்மாவைக் கட்டினான். அலை வந்த காலையில் அவன் தோட்டத்தின் மேட்டுப் பக்கம் இருந்தான். அழகம்மா கீழே கரையோரம் இருந்தாள். உடல் கிடைக்கவில்லை. முகாமில் கொஞ்ச காலம் பிணம் மாதிரி கிடந்துவிட்டு, யாரோ சொன்னார்கள் என்று கேம்பல் பேக்கு வேலைக்கு வந்தான்.

அன்பழகனும் அவன் மனைவி தமிழரசியும் தகரக் கொட்டகை முகாமில் இருந்தார்கள். விஜய் நகர்ப் பக்கம் இருந்த அவர்கள் வீடும் தென்னந்தோப்பும் கடலுக்குள் போய்விட்டன. மேட்டில் ஒரு துண்டு பாக்குத்தோட்டம் மட்டும் மிச்சம். குழந்தை இல்லை. தமிழரசி காத்தமுத்துவை அண்ணே என்றாள். ராத்திரிச் சாப்பாட்டுக்கு அவன் தட்டும் அந்தக் கொட்டகையில் இருந்தது.

அடுத்த வருஷம் ஏப்ரலில் ஒரு நாள், தெற்கே ரோடு வேலை நடக்கிற இடத்துக்கு டீசல் பீப்பாய் கொண்டுபோக வேண்டியிருந்தது. "நானும் வரேன்," என்றாள் தமிழரசி. "பாக்கு பழுத்து உதிர்ந்து கெடக்கும். திரும்புறப்ப வண்டி சும்மாதானே வரும்." கடல் வற்றியிருந்த காலை நேரத்தில் மூவரும் கரை மணலிலேயே ஓட்டிப் போய் டீசலை இறக்கினார்கள். பிறகு பாக்குத்தோட்டம். மூட்டைகள் கட்டி ஏற்றியாயிற்று. "இன்னும் ஒண்ணே ஒண்ணு," என்றாள் தமிழரசி. "அந்தப் பக்கச் சரிவுல நெறைய கெடக்கு." அன்பழகன் கடலைப் பார்த்தான், பிறகு இன்னொரு சாக்கை எடுத்துக்கொண்டான். மூவரும் போய் அதையும் பொறுக்கிக் கட்டினார்கள்.

திரும்பும்போது தண்ணீர் ஏறத் தொடங்கியிருந்தது. நடுவழியில் ஒரு ஓடை கடலில் சேரும் இடம். காலையில் கணுக்காலளவு இருந்தது இப்போது முழங்காலுக்கு மேல். காத்தமுத்து ஓட்டினான், அன்பழகன் அவன் முதுகுக்குப் பின்னால் மூட்டைகளோடு உட்கார்ந்திருந்தான். பாதி கடந்ததும் கடல் பக்கத்து முன்சக்கரம் ஒரு குழியில் இறங்கியது. ஜீப் வலப்பக்கமாகச் சாய்ந்தது. இன்ஜின் இரண்டு முறை இருமி நின்றது.

"உக்காருங்க, நான் வடத்த எடுத்துட்டுப் போறேன்," என்று அன்பழகன் வலப்பக்கமாகவே குதித்தான். சாய்ந்த பக்கம் இறங்கியிருக்கக் கூடாது. அது அவனுக்கும் தெரியும். ஆனால் அவன் பக்கம் அதுதான், தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது, அவசரம். அவன் முன்னால் ஓரடி வைப்பதற்குள் பின்சக்கரத்தின் கீழ் மணல் கரைந்தது. ஜீப் பக்கவாட்டில் நழுவி அவன் மேல் உட்கார்ந்தது.

அவன் கத்தவில்லை. "அண்ணே, கால் மாட்டிக்கிச்சு," என்றான், கதவில் சட்டை மாட்டிக்கொண்டதுபோல. பிறகுதான் முகம் வெளுத்தது. வலது கால் தொடை வரை ஜீப்பின் படிக்கட்டுத் தகட்டுக்கு அடியில் இருந்தது. தண்ணீருக்குள் அவன் ஒரு கையை ஊன்றிச் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். தண்ணீர் வயிற்றுக்கு மேல் இருந்தது.

முதலில் மூட்டைகளை எல்லாம் கரைக்குத் தூக்கி எறிந்தார்கள். ஜாக்கியைப் பலகை மேல் வைத்து ஏற்றினார்கள். ஏற ஏற ஜாக்கி பலகையோடு மணலுக்குள் போயிற்று, ஜீப் அசையவில்லை. காலைச் சுற்றித் தோண்டினால் எடுத்த இடத்தில் அடுத்த நொடி மணல் நிறைந்தது. தமிழரசி வெறும் கையால் தோண்டித் தோண்டி நகம் பெயர்ந்து ரத்தம் வந்தது.

"வடத்த முன்னால மாட்டி இழுக்காதீங்கண்ணே," என்றான் அன்பழகன். பல் கிட்டிப் பேசினான். "காலோட சேர்த்து இழுத்துட்டுப் போயிடும். மேல கூரைச் சட்டத்துல கொக்கிய மாட்டி, கரைப் பக்கமாச் சாயுங்க. இந்தப் பக்கம் தூக்கும்."

அது சரி. வடத்தை விஞ்சிலிருந்து கரைக்குக் கொண்டுபோய், அங்கே கப்பியில் மாட்டித் திருப்பி, கொக்கியை ஜீப்பின் கூரைச் சட்டத்தில் போட வேண்டும். விஞ்ச் சுற்றினால் ஜீப் கரைப் பக்கம் சாயும், கடல் பக்கம் உயரும். ஆனால் கப்பியை எதில் கட்டுவது? கரையில் தென்னைகள் வரிசையாக நின்றன. அத்தனையும் உப்புத் தண்ணீரில் செத்த மரங்கள், தலையில்லாமல் கம்பம் கம்பமாக. உயிரோடு இருந்த மரங்கள் மேட்டில், வடம் எட்டாத தூரத்தில்.

காத்தமுத்து ஒவ்வொரு தென்னையாகத் தோளால் முட்டிப் பார்த்தான். ஒன்று அசையவில்லை. அதன் அடியில், தரையோடு ஒட்டிப் பட்டையைச் சுற்றினான். ரிமோட்டை அமுக்கியதும் வடம் மணலிலிருந்து எழுந்து விறைத்தது. ஜீப் முனகியது. ஒரு கணம் தூக்குவது போலத் தெரிந்தது. அப்போது மரம் சத்தமே இல்லாமல், சோற்றில் நட்ட குச்சி போல, வேரோடு வந்து மணலில் விழுந்தது. வேர் முழுக்கக் கறுத்து அழுகியிருந்தது.

ஜீப் திரும்ப உட்கார்ந்தபோதுதான் அன்பழகன் முதல் முறையாகக் கத்தினான்.

பேட்டரி எவ்வளவு மிச்சம் என்று யாருக்கும் தெரியாது. தண்ணீர் அவன் நெஞ்சுக்கு வந்திருந்தது.

"ஸ்டெப்னியப் பொதைக்கணும்," என்றான் காத்தமுத்து. மரம் இல்லாத இடத்தில் மாற்றுச் சக்கரத்தைக் குழி தோண்டிப் புதைத்து, அதில் பட்டையைக் கட்டி இழுப்பார்கள். மணலின் கனமே அதைப் பிடித்துக்கொள்ளும். ஜீப்புக்கு எதிரே கரையில், தண்ணீர் எட்டாத காய்ந்த மணலில் அவன் மண்வெட்டியை வைத்தான். தமிழரசி ஜீப்பிலிருந்த தகர டப்பாவால் மணலை அள்ளி வீசினாள். இடுப்பளவுக் குழி வேண்டும். ஓரங்கள் சரிந்து சரிந்து விழுந்தன.

முழங்கால் ஆழத்துக்குக் கீழே மண்வெட்டியில் ஒரு துணி சிக்கியது. நீல நைலான் சேலை. கரை முழுக்க இப்படித் துணிகள் புதைந்து கிடப்பது வழக்கம்தான். இழுத்தான், வரவில்லை. இன்னும் ஒரு வெட்டு போட்டதும் எலும்பு தெரிந்தது. முன்கை எலும்பு. அதன்மேல் கண்ணாடி வளையல் இரண்டு, உடையாமல்.

காத்தமுத்து மண்வெட்டியைப் போட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்தான்.

கச்சால் எங்கே, இந்தக் கரை எங்கே. நடுவில் ஒரு பெரிய கடலே இருக்கிறது. அவனுக்கு அது தெரியாமல் இல்லை. இருந்தாலும் அவன் அந்த வளையலையே பார்த்துக்கொண்டிருந்தான். அழகம்மா அன்றைக்கு என்ன வளையல் போட்டிருந்தாள் என்று யோசித்தான். ஞாபகம் வரவில்லை. வராதது அவனை உலுக்கியது.

"அண்ணே."

"வேற எடத்துல தோண்டுவோம் தங்கச்சி. இங்க வேணாம்."

"வேற எடத்துல தோண்ட நேரம் இல்லண்ணே. அங்க பாருங்க."

அவன் பார்க்கவில்லை.

தமிழரசி குழிக்குள் இறங்கினாள். ஒரு பாக்கு மூட்டையை உதறிக் காலி செய்து சாக்கை விரித்தாள். கிடைத்த எலும்புகளை ஒவ்வொன்றாகக் கையால் எடுத்து, சேலையோடு அதில் வைத்தாள். "மன்னிச்சுக்கங்கம்மா, மன்னிச்சுக்கங்க," என்று சொல்லிக்கொண்டே எடுத்தாள். தலையை எடுத்து வைக்கும்போது மட்டும் கண்ணை மூடிக்கொண்டாள். சாக்கை மடித்து மேட்டில் வைத்துவிட்டு, "இப்ப தோண்டுங்க," என்றாள். "உயிரோட இருக்கறவரு அங்க கத்துறாரு. ஜல்தி தோண்டுங்க."

அவன் எழுந்து தோண்டினான். பிறகு நிறுத்தவில்லை.

சக்கரத்தைக் குழிக்குள் நிறுத்தி வைத்து, நடு ஓட்டையில் பட்டையைக் கோத்து, பட்டை வெளியே வர மணலில் ஒரு சால் வெட்டினார்கள். மூடி மிதித்தார்கள். கப்பியை மாட்டி, வடத்தைத் திருப்பி, கொக்கியைக் கூரைச் சட்டத்தில் போட்டார்கள். ஈரச் சாக்கு வடத்தின் மேல் விழுந்தது. தமிழரசி தண்ணீருக்குள் இறங்கி அன்பழகனின் அக்குளில் கை கொடுத்துப் பிடித்தாள். தண்ணீர் அவன் தாடைக்கு வந்திருந்தது. ஒவ்வொரு அலைக்கும் அவள் அவன் மூக்கை உயர்த்திப் பிடித்தாள்.

"வடம் அறுந்தா அவளுக்குப் படும்ணே," என்றான் அன்பழகன். "அவள விலகிக்கச் சொல்லுங்க."

"சும்மா இருங்க," என்றாள் அவள்.

விஞ்ச் முனகிக்கொண்டே சுற்றியது. புதைத்த சக்கரம் மணலுக்குள் ஒரு சாண் நகர்ந்து, இறுகி, நின்றது. ஜீப் ஒரு விரற்கடை எழுந்தது. காத்தமுத்து நிறுத்தினான், மூச்சுவிட்டான், மறுபடி அமுக்கினான். இன்னொரு விரற்கடை. மோட்டாரின் சத்தம் கம்மிக்கொண்டே வந்தது. நான்காவதோ ஐந்தாவதோ முறை, சத்தம் அடியோடு செத்துப்போவதற்கு முன்னால், தண்ணீருக்குள் ஏதோ உறிஞ்சி விடுபட்டது. தமிழரசி மல்லாந்து விழுந்தாள். அவள் மார்பின் மேல் அவன் இருந்தான், காலோடு.

கால் என்று சொல்ல அதில் அதிகம் மிச்சமில்லை. காத்தமுத்து துண்டால் தொடையை இறுக்கிக் கட்டினான். இருவரும் அவனை மேட்டு மணலுக்குத் தூக்கி வந்தார்கள். வடக்கே நடந்தால் ரோடு வேலைக்காரர்களின் முகாம் ஒன்று இருந்தது. கரை வழி மூழ்கிவிட்டது, காட்டுப் பாதைதான். அது சின்ன வயதிலிருந்து தமிழரசிக்குப் பழக்கமான பாதை. "நான் ஓடுறேன்," என்றாள். அன்பழகன் அவள் கையைப் பிடித்து, "அரசி, செருப்புப் போட்டுக்க, முள்ளு இருக்கும்," என்றான். செருப்பு ஜீப்போடு தண்ணீரில் இருந்தது. அவள் வெறுங்காலோடு ஓடினாள்.

அவள் போன பிறகு அவன் தெளிவாகவே பேசினான். வலி இல்லை என்றான், கால் மரத்துவிட்டது என்றான். "நீங்க சொன்னதுதாண்ணே சரி. அந்த மிலிட்டரி விஞ்ச வாங்கியிருந்தா இன்னைக்கு நான் மீனுக்கு." காத்தமுத்து அவன் தலையை மடியில் வைத்திருந்தான். ஆள் பிழைத்துக்கொள்வான், கால்தான் போகும், போனால் போகட்டும், ஒற்றைக் காலோடு ரிமோட் அமுக்க முடியாதா என்ன என்று நினைத்தான். அதை வாய்விட்டும் சொன்னான். அன்பழகன் சிரித்தான்.

வெயில் தணிந்தபோது அவன் தண்ணீர் கேட்டான். பாட்டிலில் இருந்ததைக் கொடுத்தான் காத்தமுத்து. கொஞ்ச நேரம் கழித்து அன்பழகன் வானத்தைப் பார்த்தபடி, "அந்தக் கடைசி மூட்டைய மட்டும் அவ கேக்காம இருந்திருந்தா," என்றான். கோபமாகச் சொல்லவில்லை. களைத்துப்போய்ச் சொன்னான். அதன் பிறகு நெஞ்சு என்னவோ செய்கிறது என்றான். உடம்பு ஒரு முறை விறைத்தது. காத்தமுத்து பெயர் சொல்லிக் கூப்பிட்டான், கன்னத்தில் தட்டினான், வாயில் வாய் வைத்து ஊதினான். மார்பை அமுக்கி அமுக்கி அவன் கை ஓய்ந்தது.

முகாம் ஆட்கள் நாலு பேரோடு தமிழரசி வந்தபோது இருட்டவில்லை. தூரத்திலேயே காத்தமுத்து உட்கார்ந்திருந்த விதத்தைப் பார்த்து நடையை நிறுத்தினாள். பிறகு மெதுவாக வந்தாள்.

"என்ன சொன்னாரு?"

"தண்ணி கேட்டாரு. குடுத்தேன்."

"வேற?"

"வேற ஒண்ணும் சொல்லல தங்கச்சி."

அவள் அவன் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு உட்கார்ந்து அன்பழகனின் முகத்தில் ஒட்டியிருந்த மணலைத் துடைத்தாள்.

கேம்பல் பே ஆஸ்பத்திரியில் டாக்டர் தமிழரசிக்கும் காத்தமுத்துவுக்கும் இந்தியில் விளக்கினார். நெடுநேரம் நசுங்கிக் கிடந்த சதையில் ரத்தம் கெட்டு விஷமாகிவிடும்; பாரம் எடுபட்டதும் அது இதயத்துக்கு ஓடும். பார்த்தால் ஆள் நன்றாக இருப்பது போலத்தான் இருக்கும். தமிழரசி கேட்டாள்: "அப்ப எடுத்ததாலதான் செத்தாரா?" எடுக்காவிட்டால் முங்கியிருப்பார் அம்மா என்றார் அவர். அவள் தலையாட்டினாள். கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லை என்பது மூன்று பேருக்கும் தெரிந்தது.

சாக்கிலிருந்த எலும்புகளையும் முகாம் ஆட்கள் கூடவே கொண்டுவந்திருந்தார்கள். போலீஸ்காரர் வந்து பார்த்தார். இந்த மாதிரி அவர் நிறையப் பார்த்தவர். யார் என்று இனி யாரும் சொல்ல முடியாது, இந்துவா, நிக்கோபாரியா என்றுகூடத் தெரியாது, புதைத்துவிடுங்கள் என்றார்.

"அவரோட வைங்க," என்றாள் தமிழரசி.

சொந்தக்காரப் பெரியவர் ஒருவர் முகம் சுளித்தார். "யாரோ எவரோ. என்ன சாதியோ, என்ன மதமோ. புருஷன் சிதையில வேற பொம்பளைய வைக்கிறதா?"

"அந்தம்மா எடத்த விட்டுக் குடுத்ததாலதான் அவர வெளிய எடுத்தோம். திரும்ப அந்த மண்ணுலயே அவங்களத் தனியா போட மாட்டேன். வைங்க."

வைத்தார்கள். அன்பழகனின் தம்பி மெயின்லேண்டில் இருந்தான், கப்பல் பிடித்து வந்துசேர நாளாகும். கொள்ளி காத்தமுத்துவின் கையில் கொடுக்கப்பட்டது. அழகம்மாவுக்கு அவன் கருமாதி எதுவும் செய்யவில்லை. செய்தால் அவள் செத்துவிட்டாள் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று இத்தனை நாள் தள்ளிப்போட்டிருந்தான். அந்த நீலச் சேலைச் சுருள் கட்டைகளுக்கு நடுவே தெரிந்தது. அவன் யார் பெயரையும் சொல்லாமல் தீ வைத்தான். வைத்துவிட்டுக் கடலோரம் போய், மொட்டை போட்டுக்கொண்டு, அங்கேயே குந்தி வாய்விட்டு அழுதான். அலை வந்த பிறகு அவன் அழுதது அதுதான் முதல் தடவை.

மழைக்காலக் கடல் ஜீப்பை உடைத்து இழுத்துக்கொண்டு போயிற்று. மணியன் வேறொரு பழைய ஜீப்பை வரவழைத்து, அதிலும் ஒரு விஞ்சைப் பூட்டினார். "நீ ஓட்டலேன்னா வேற ஆளப் பாக்கறேன் காத்தமுத்து. கட்டாயம் இல்ல," என்றார். காத்தமுத்து சாவியை வாங்கிக்கொண்டான். வண்டிகள் புதைந்துகொண்டுதான் இருந்தன, யாராவது போய்த்தான் ஆக வேண்டும்.

அலைக்குப் பிறகு மெயின்லேண்டுக்குப் போய்விட்ட அண்ணன்மார் தமிழரசியையும் அங்கே கூப்பிட்டார்கள். அவள் போகவில்லை. ரோடு வேலையில் ஜல்லி சுமக்கப் போனாள். சாயங்காலம் கொட்டகையில் இருவருக்கும் சோறு ஆக்கினாள். காத்தமுத்து சாப்பிட்டுவிட்டுத் தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போவான். பாக்குத்தோட்டத்துக்கு அவள் அதன் பிறகு போகவே இல்லை. மேட்டில் காய்கள் பழுத்து, உதிர்ந்து, அங்கேயே முளைவிட்டன.